மாக்கோதையின் வெள்ளிக்காசு

பழனிமலைத் தொடரின் வடசரிவில் பிறக்கும் பொருந்தலாறு, வேறு சில சிற்றாறுகளோடு கூடிச் சண்முகநதியாகிறது. பின்னர் அமராவதியில் கலந்து கரூரை அடைகிறது. நீர் சென்ற வழியிலேயே வணிகமும் நடந்தது. மலையடிவாரத்துப் பொருந்தலில் 2009, 2010 ஆம் ஆண்டுகளில் நிகழ்ந்த அகழாய்வில் கண்ணாடி மணிகள் ஏராளமாகக் கிடைத்தன. பழனியை அடுத்த கலையமுத்தூரில் 1856-இல் ரோமானியப் பொற்காசுகள் வெளிப்பட்டன. ஆறு சென்று சேரும் கரூரோ சேரரின் தலைநகராகிய வஞ்சி என்று அறிஞர் பலரால் கருதப்படும் ஊர்.

அந்த அமராவதிப் படுகை நமக்கு அளித்த செல்வங்களுள் ஒன்று சிறியதொரு வெள்ளிக்காசு. அதன் ஒருபுறம் ஒரு மனிதனின் தலை. தலைக்கு மேலே தமிழ்ப் பிராமி எழுத்தில் 'மாக்கோதை' என்னும் பெயர். மறுபுறம் வெறுமையாக உள்ளது. இதே முறையில் 'குட்டுவன் கோதை' என்னும் பெயர் பொறித்த காசும் கிடைத்துள்ளது. 'தினமலர்' ஆசிரியராக விளங்கிய இரா. கிருஷ்ணமூர்த்தி போன்றோரின் அயராத தேடலால் சங்ககாலக் காசுகள் பல இவ்வாறு வெளிச்சம் கண்டன.

மன்னனின் தலையைக் காசில் பொறிக்கும் வழக்கம் எங்கிருந்து வந்தது? விடை வெகு தொலைவில் இல்லை. கோவையை அடுத்த வெள்ளலூரில் மட்டும் 1842-இல் 522 ரோமானிய வெள்ளிக்காசுகள் கிடைத்தன. கொங்கு நாட்டில் இத்தகைய புதையல்கள் பல. அவற்றில் மிகுதியானவை அகுஸ்துஸ், திபேரியுஸ் என்னும் பேரரசர்களின் காசுகள். கீழே ஓர் அச்சை நிறுத்தி, அதன்மேல் வெள்ளி வில்லையை வைத்து, மற்றோர் அச்சை மேலே பிடித்துச் சம்மட்டியால் ஓங்கி அடித்து உருவாக்கியவை அவை. ஆதலால் ஒரு காசைப்போல் மற்றொன்று இராது. இவற்றைக் கையில் எடுத்துப் பார்த்த சேர நாட்டார் அம்முறையைத் தமதாக்கிக்கொண்டனர்.

பெரியோர் காசைச் சிறியோர் பின்பற்றுவது உலகெங்கும் உள்ளதே. பதினாறாம் நூற்றாண்டில் நெதர்லாந்துப் பகுதியில் பாத்தன்பர்க் போன்ற சிற்றூர்களின் பிரபுக்களும் சம்மட்டியால் அடித்து வெள்ளிக்காசு வெளியிட்டனர். அண்டையிலிருந்த பெரிய அரசுகளின் காசுகளை ஒத்த தோற்றத்தையே அவர்களுள் பலர் நாடினர். வாங்குவோன் வேறுபாட்டை உணராதிருப்பதில்தான் அவர்களது ஆதாயம் அடங்கியிருந்தது. அளவில் குறைந்த வெள்ளி, அயலாரின் தோற்றத்தால் மதிப்புப் பெற்றது.

மாக்கோதையின் காசிலும் வெள்ளி தூயதன்று. ஆயினும் ஒரு வேறுபாட்டை நாம் மறக்கலாகாது. உருவம் பொறிக்கும் முறை அயலாருடையது, பெயரோ அவனுடையது, எழுத்து அவன் மக்களுடையது. கடன் வாங்கியதை மறைக்கவும் இல்லை. கடன் வாங்கியதில் தன்னை இழக்கவும் இல்லை.

திபேரியுஸின் வெள்ளிக்காசு நமக்கு நற்செய்தியாலும் அறிமுகமானது. இயேசுவிடம் வரி குறித்து வினவியவர்கள் கொண்டுவந்த தெனாரியம் அத்தகையதே என்று அறிஞர் பலர் கருதுவர். அவர் அதன் எடையையோ தூய்மையையோ கேட்கவில்லை. அதிலுள்ள உருவமும் எழுத்தும் யாருடையவை என்றே கேட்டார். அவ்வினா எருசலேமில் எழுந்த காலத்தை ஒட்டியே, அதே முகம் பொறித்த காசுகள் கொங்கு நாட்டுச் சந்தைகளுக்கும் வந்துகொண்டிருந்தன என்பதை எண்ணும்போது வியப்பு மேலிடுகிறது.

பழனிமலையின் கற்பதுக்கைகளை ஆராய்ந்து, செண்பகனூர் இயேசு சபைக் குருக்கள் ஆங்கிலாத், நியூட்டன் இருவரும் எழுதிய நூல் 1928-இல் வெளிவந்தது. அக்கற்களின் கீழ் அடக்கம் செய்யப்பட்டோரின் பெயர்களை நாம் அறியோம். இம்மலைநாட்டை ஆண்ட பேகனின் பெயரைப் பாடல் காத்தது. மாக்கோதையின் பெயரை ஆற்று மணலில் கிடந்த காசும் காத்தது. அயல்நாட்டு மொழியும் நடையும் நம் வீடுகளில் நாள்தோறும் புழங்கும் இக்காலத்தில், அச்சிறு காசு நம்மை நோக்கியும் அதே வினாவை எழுப்புகிறது: நம்மீது பொறித்திருப்பது யாருடைய எழுத்து?