சக்கரம் தாங்கும் சுமை

வண்டியில் எவ்வளவு சுமை ஏற்றலாம் என்னும் கேள்வி தமிழர்க்குப் புதியதன்று. கடற்கரையில் விளைந்த உப்பை மாட்டு வண்டிகளில் ஏற்றிக்கொண்டு உள்நாடு நோக்கிச் சென்ற உமணர்களைச் சங்க நூல்களிற் காண்கிறோம். மேடும் பள்ளமுமான வழியில் நெடுந்தொலைவு செல்ல வேண்டியிருந்தமையால், அவர்கள் வண்டியின் அடியில் வேறோர் அச்சையும் கட்டிக்கொண்டு சென்றனர். அதற்குச் சேம அச்சு என்று பெயர். புறநானூற்றில் ஔவையார் பாடலொன்று இச்செய்தியைக் கூறுகிறது. திருவள்ளுவரும், வலியறிதல் என்னும் அதிகாரத்தில், மயிலிறகைப் போன்ற மெல்லிய பொருளேயாயினும் அளவு கடந்து ஏற்றினால் வண்டியின் அச்சு ஒடிந்துவிடும் என்று எச்சரிக்கிறார்.

மர அச்சுக்கு ஒரு நற்குணம் உண்டு. ஒடிவதற்கு முன்பு அது முனகும். பழகிய வண்டிக்காரர் அந்த ஒலியைக் கேட்டு வண்டியை நிறுத்திச் சுமையைக் குறைத்துவிடுவார். இன்று சாலையில் ஓடும் காற்றடைத்த டயர் அவ்வாறு முனகுவதில்லை. அளவு கடந்த சுமையை அது வாய் திறவாமல் தாங்கும். ஒரு நாள் திடீரென்று வெடிக்கும். ஆகவேதான் எவ்வளவு சுமை தாங்கும் என்பதை அதன் பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த எழுத்து எவ்வாறு தோன்றியது, அதனை எவ்வாறு படிப்பது, நம் வடசென்னைக்கு அதில் என்ன பங்கு உண்டு என்பவற்றைச் சற்றே காண்போம்.

இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் ஆகிய மூன்றும் சுமை ஏற்றி இறக்கியே வளர்ந்த ஊர்கள். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடிற்று. அக்காலத்தில் சென்னைக்குத் துறைமுகம் இல்லை. கப்பல்கள் கடலில் தள்ளி நங்கூரமிட்டு நிற்க, மசூலாப் படகுகள் அலையைக் கடந்து சென்று சரக்கைக் கரை சேர்த்தன. 1861-இல் இரும்புத் தூண்களின்மேல் ஒரு கடற்பாலம் அமைந்தது. 1875-இல் துறைமுகச் சுவர்களைக் கட்டத் தொடங்கினார்கள், 1881-இல் வீசிய புயல் அவற்றைச் சிதைத்தது, மீண்டும் கட்டினார்கள். இத்தனை மாற்றங்களுக்கும் இடையே மாறாதிருந்தது ஒன்று உண்டு. கரைக்கு வந்த சரக்கு ஊருக்குள் செல்வதற்கு மாட்டு வண்டியையே நம்பியிருந்தது.

அந்த வண்டியின் சக்கரத்தை நினைத்துப் பாருங்கள். நடுவே குடம்; அதிலிருந்து பிரியும் ஆரக்கால்கள்; அவற்றை வளைத்து நிற்கும் வட்டை; வட்டையின்மேல் இறுக்கிய இரும்புப் பட்டா. இப்பட்டா தேயாது, உடையாது. ஆனால் அது வளைந்து கொடுக்கவும் செய்யாது. வண்டியின் பாரம் முழுவதும் இரண்டு விரற்கடை அகலமுள்ள இரும்பின்மேல் இறங்கிச் சாலையைக் கத்திபோல் கிழித்தது. மேட்டில் மோதிய அதிர்ச்சி அப்படியே அச்சுக்கும் மாட்டின் கழுத்துக்கும் சென்றது. சுமைக்கு அன்று எல்லை வகுத்தவை மாட்டின் வலிமையும் மண்ணின் உறுதியுமேயாகும்.

இந்த இரும்புக்கு மாற்றாக ரப்பர் வந்த கதை சுவையானது. குளிரில் விறைத்தும் வெயிலில் உருகியும் பயனற்றிருந்த ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் அது உறுதிப்படும் என்பதை, 1839-இல் அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர் கண்டறிந்தார். 1845-இல் ராபர்ட் வில்லியம் தாம்சன் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் காற்றடைத்த சக்கரத்துக்கு உரிமைப் பட்டயம் பெற்றார். உலகம் அதனை மறந்துவிட்டது. 1888-இல் பெல்ஃபாஸ்ட் நகரில் வாழ்ந்த கால்நடை மருத்துவர் ஜான் பாய்டு டன்லப், தம் மகனுடைய மூன்று சக்கர வண்டிக்காக அதே கருத்தை மீண்டும் கண்டார். இம்முறை உலகம் மறக்கவில்லை. எனினும் பாரமான வண்டிகளுக்குக் காற்றடைத்த டயர் உடனே வந்துவிடவில்லை. 1914-இல் தொடங்கிய முதல் உலகப் போரில் ஓடிய லாரிகள் பல கெட்டி ரப்பர்ப் பட்டைகளின் மீதே ஓடின. காற்றை நம்பிப் பெருஞ்சுமையை ஏற்ற மனிதன் அஞ்சினான்.

அந்த அச்சம் பொருளற்றதன்று. ஏனெனில், காற்றடைத்த டயரில் சுமையைத் தாங்குவது பெரும்பாலும் ரப்பரன்று. உள்ளே அடைபட்ட காற்றே. ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். லாரியின் டயரொன்றில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 7 கிலோ என்னும் அழுத்தத்தில் காற்று அடைத்திருப்பதாகக் கொள்வோம். அந்த டயர் தரையில் படியும் பரப்பு 400 சதுர சென்டிமீட்டர், அதாவது பக்கத்துக்கு 20 சென்டிமீட்டர் உள்ள ஒரு சதுரம். ஏழையும் நானூறையும் பெருக்கினால் 2,800 கிலோ வருகிறது. ஏறத்தாழ அவ்வளவு பாரத்தை, ஒரு பள்ளி நோட்டுப் புத்தகத்தை விரித்து வைத்த இடத்தினும் சிறிய பரப்பில் நின்று, கண்ணுக்குத் தெரியாத காற்று தாங்குகிறது! அழுத்தம் குறைந்தால் தாங்கும் திறனும் குறையும். டயரின் வேலை அந்தக் காற்றைச் சிறைப்படுத்தி வைத்திருப்பதேயாகும்.

சிறையின் சுவர் எதனால் ஆனது? ரப்பரில் தோய்த்த இழைத்துணி அடுக்குகளால். தொடக்கத்தில் அது பருத்தி இழை. சுமை கூடக்கூட அழுத்தமும் கூட வேண்டும். அழுத்தம் கூடினால் அடுக்குகளும் கூட வேண்டும். எனவே எத்தனை அடுக்கு என்று சொன்னாலே டயரின் வலிமை விளங்கிற்று. பின்னர் ரேயானும் நைலானும் வந்தன. இவை பருத்தியைவிட உறுதியானவை. ஆதலால் குறைந்த அடுக்குகளே போதுமாயின. ஆயினும் பழைய எண் வழக்கொழியவில்லை. 16 பிளை ரேட்டிங் என்று ஒரு டயரில் எழுதியிருந்தால், உள்ளே பதினாறு அடுக்கு இருக்கிறது என்பது பொருளன்று; பழைய பருத்தி அடுக்குகள் பதினாறுக்கு ஒத்த வலிமை உண்டு என்பதே பொருள். குதிரை இல்லாத எந்திரத்தைக் குதிரைத்திறனால் அளப்பது போன்றது இது.

இனித் திருவொற்றியூருக்கு வருவோம். 1946-இல் கே. எம். மாம்மன் மாப்பிள்ளை அவ்வூரில் ஒரு கொட்டகையில் குழந்தைகளுக்கான பலூன் செய்யும் தொழிலைத் தொடங்கினார். பலூனும் காற்றைச் சிறைப்படுத்தும் ரப்பர்தானே! 1952-இல் அந்நிறுவனம் டிரெட் ரப்பர் செய்யும் துறையில் இறங்கியது. தேய்ந்துபோன டயரின்மேல் புதிதாக ஒட்டப்படும் மேற்பட்டை அது. 1961-இல் அமெரிக்காவின் மான்ஸ்ஃபீல்ட் நிறுவனத்தின் தொழில்நுட்பத் துணையோடு டயர்த் தயாரிப்பில் இறங்கியது. அதுவே சென்னை ரப்பர்த் தொழிற்சாலை எனப் பொருள்படும் எம்.ஆர்.எஃப். 1967-இல் அது அமெரிக்காவுக்கே டயர்களை ஏற்றுமதி செய்தது.

இதே ஆண்டுகளில் எண்ணூரிலும் ஒரு தொழில் வளர்ந்தது. 1948-இல் ரகுநந்தன் சரண் அசோக் மோட்டார்ஸ் நிறுவனத்தை நிறுவினார். முதலில் ஆஸ்டின் கார்களைப் பூட்டி விற்ற அந்நிறுவனம், பின்னர் இங்கிலாந்தின் லேலண்ட் நிறுவனத்தோடு உடன்பாடு செய்துகொண்டு, பார வண்டிகளுக்கான அடிச்சட்டங்களைப் பூட்டத் தொடங்கியது. 1955-இல் அசோக் லேலண்ட் எனப் பெயர் பெற்றது. ஆக, லாரியின் சட்டமும் அச்சும் எண்ணூரில். அவற்றைத் தாங்கும் டயர் திருவொற்றியூரில். ஏற்ற வேண்டிய சரக்கு இராயபுரத்தை அடுத்த துறைமுகத்தில். அச்சு தாங்கும் அளவு, டயர் தாங்கும் அளவு, ஏற்றிய சரக்கின் எடை ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தினால்தான் வண்டி பத்திரமாக ஓடும். ஒரே கடற்கரையில் பிறந்த கணக்கு என்று இதனைச் சொல்லலாம்.

டிரெட் ரப்பரைப் பற்றிச் சொன்னேன். அதிலே ஒரு பாடம் இருக்கிறது. தேய்ந்த மேற்பட்டையைப் புதுப்பிக்கலாம். உள்ளே இருக்கும் இழை அடுக்குகளைப் புதுப்பிக்க இயலாது. அளவோடு சுமந்த டயர் மறுபடியும் பட்டை ஒட்டிக்கொண்டு உழைக்கும். அளவு மீறிச் சுமந்த டயரின் இழைகள் உள்ளேயே அறுந்தும் பிரிந்தும் கிடக்கும். அதன்மேல் எத்தகைய புதுப்பட்டையை ஒட்டினாலும் பயனில்லை. பளபளக்கும் மேற்பரப்பைக் கண்டு டயரின் வலிமையை மதிப்பிடலாகாது.

திருவொற்றியூரில் பலூன் கொட்டகை எழுந்த அதே 1946-இல், பிரான்சு நாட்டின் மிஷெலின் நிறுவனம் ரேடியல் டயருக்கு உரிமைப் பட்டயம் கோரியது. இழைகளைக் குறுக்கும் மறுக்குமாகப் போடாமல், சக்கரத்தின் ஆரக்கால்கள்போல் நேராக அமைத்து, மேலே எஃகுப் பட்டைகளைச் சுற்றும் முறை அது. எஃகு வந்தபின் அடுக்குகளை எண்ணிப் பார்ப்பதில் பொருள் இல்லாது போயிற்று. ஆகவே சுமை எண் என்னும் நேரடியான குறியீடு வழக்குக்கு வந்தது. ஒவ்வோர் எண்ணுக்கும் ஓர் எடை உண்டு. 82 என்றால் 475 கிலோ; 100 என்றால் 800 கிலோ; 146 என்றால் 3,000 கிலோ. அதனை அடுத்து வரும் ஆங்கில எழுத்து வேக எல்லையைக் காட்டும். கே என்னும் எழுத்து மணிக்கு 110 கிலோமீட்டரைக் குறிக்கும்.

பார வண்டியின் டயரில் 146/143 என்று இரண்டு எண்கள் இருப்பதைக் காணலாம். டயர் தனியே நின்றால் 3,000 கிலோ தாங்கும். இரட்டையாக நின்றால் ஒவ்வொன்றும் 2,725 கிலோவே தாங்கும் என்பது அதன் பொருள். இருவர் கூடினால் வலிமை கூடும் என்பதே உலக வழக்கு. இங்கே ஏன் குறைகிறது? இரட்டை டயர்கள் சுமையைச் சரிபாதியாகப் பகிர்ந்துகொள்வதில்லை. சாலையின் நடு உயர்ந்து ஓரம் தாழ்ந்திருக்கும். ஒன்றில் காற்று சற்றுக் குறைந்திருக்கும். ஒன்று சற்றுத் தேய்ந்திருக்கும். அப்போதெல்லாம் மற்றொன்று கூடுதலாகச் சுமக்கிறது. இரண்டுக்கும் இடையே வெப்பமும் தங்குகிறது. அதற்காகவே இந்தக் கழிவு.

இப்போது ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 146/143 என்று குறித்த டயர்கள் நான்கு பூட்டிய பின் அச்சு, நான்கு முறை 2,725, அதாவது 10,900 கிலோ தாங்கும். இந்திய அரசு நான்கு டயர் பூட்டிய ஒற்றை அச்சுக்கு 10.2 டன் என்றிருந்த எல்லையை 2018-இல் 11.5 டன்னாக உயர்த்தியது. பழைய எல்லைக்கு இந்த டயர்கள் தாராளமாகப் போதும். புதிய எல்லைக்கோ 600 கிலோ குறைகிறது. சட்டம் இடம் கொடுத்துவிட்டது என்று சரக்கை ஏற்றினால், சட்டம் மன்னித்தாலும் டயர் மன்னிக்காது. அதுபோலவே, வலிமை மிகுந்த டயரை மாட்டிவிட்டதால் வண்டியின் திறன் உயர்ந்துவிடுவதுமில்லை. அச்சும் வில்லும் பிரேக்கும் பழையனவே அல்லவா? இவற்றுள் எது மிகக் குறைவோ அதுவே வண்டிக்கு எல்லை.

ஆகவே டயர் தேர்ந்தெடுப்பவர் செய்ய வேண்டியவை இவை. வண்டியின் மொத்த எடையை மட்டும் பாராமல், எடைமேடையில் ஒவ்வோர் அச்சின் எடையையும் தனித்தனியே காண வேண்டும். அதை அந்த அச்சிலுள்ள டயர்களின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். வந்த எடைக்குக் குறையாத சுமை எண்ணும், வண்டி செய்தவர் குறித்ததற்குத் தாழாத சுமை எண்ணும் உள்ள டயரையே வாங்க வேண்டும். இரட்டை டயர்கள் ஒரே அளவினவாய் இருத்தல் வேண்டும். காற்றை, புறப்படுமுன் டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும்.

இவற்றை மீறினால் நேர்வது என்ன? சுமை மிகுந்தாலும் காற்று குறைந்தாலும் டயரின் பக்கங்கள் ஒவ்வொரு சுற்றிலும் அளவுக்கு மேல் மடங்கி விரியும். மடங்கும் ரப்பர் சூடேறும். சூட்டினால் இழைக்கும் ரப்பருக்கும் உள்ள பிடி தளரும். சென்னையின் சித்திரை வெயிலும் தார்ச்சாலையின் வெப்பமும் அதனோடு சேர்கின்றன. இரட்டையில் ஒன்று வெடித்தால், அக்கணமே மற்றொன்றின்மேல் இரு மடங்கு சுமை இறங்குகிறது.

சாலையும் தப்புவதில்லை. 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் லாரிகளை இடைவிடாது ஓட்டிப் பெருஞ்சோதனை ஒன்று நடத்தினார்கள். அச்சின் சுமை கூடும்போது சாலைக்கு விளையும் சேதம் ஏறத்தாழ நான்காம் அடுக்காக ஏறுகிறது என்று அதிலிருந்து அறிந்தார்கள். சுமை இரு மடங்கானால் சேதம் பதினாறு மடங்கு. பத்தில் ஒரு பங்கு கூடினாலே சேதம் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு.

சென்னைத் துறைமுகத்தில் 1983-இல் சரக்குப் பெட்டக முனையம் திறக்கப்பட்டது; 2001-இல் எண்ணூர்த் துறைமுகம் செயற்படத் தொடங்கியது. நாற்பதடிப் பெட்டகம் ஒன்று, சரக்கோடு சேர்ந்து முப்பது டன்னுக்கும் மேல் இருக்கலாம். அத்தகைய பெட்டகங்கள் செல்லும் சாலையிலேதான் தொழிலாளி சைக்கிளில் செல்கிறார். மீன்கூடை சுமந்த பெண் நடக்கிறாள். பள்ளிப் பிள்ளைகள் சாலையைக் கடக்கிறார்கள். டயர் வெடித்து லாரி நிலைதடுமாறினால், சரக்கை மிகுதியாக ஏற்றி ஆதாயம் பெற்றவர் அந்த இடத்தில் இருக்கமாட்டார். ஓட்டுநரும் வழிப்போக்கருமே இருப்பார்கள்.

மாணவர்களே, அடுத்த முறை நின்றிருக்கும் பேருந்தையோ லாரியையோ காணும்போது அதன் டயரின் பக்கத்தைப் படித்துப் பாருங்கள். உமணர்கள் சேம அச்சைக் கட்டிச் சென்ற காலத்திலிருந்து மனிதன் கற்றுக்கொண்ட அளவறிவு அங்கே சில எண்களாய் நிற்கிறது. அந்த எண்களைப் படிக்கத் தெரிந்தவர் ஊருக்குப் பெருகப் பெருக, சாலையில் அச்சம் குறையும்.