குறிமொழியும் வணிக முன்மாதிரியும்: ஒரு வரலாற்று நோக்கு

கணனியின் வரலாறு பெரும்பாலும் பொறிகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. ஆவணங்களின் வழியாக அதனை நோக்குவோர்க்கு வேறொரு வளர்ச்சி புலப்படும். எழுத்தின் பொருளை அதன் தோற்றத்தினின்றும் பிரித்தல் என்ற எளிய எண்ணம், காலப்போக்கில், வணிக விதிகளை மென்பொருளாக்குமுன் சோதித்தறியும் கருவியாயிற்று.

1969ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தில் கோல்ட்ஃபார்ப், மோஷர், லோறி ஆகிய மூவரும் சட்ட அலுவலக ஆவணங்களைக் கணனியிற் கையாளும் முயற்சியில் ஈடுபட்டிருந்தனர். தலைப்பொன்றைத் 'தடித்த எழுத்து' எனக் குறியாது 'தலைப்பு' என்றே குறித்தல் அவர்தம் முறையாகும். இம்முறை வளர்ந்து 1986இல் எஸ்.ஜி.எம்.எல். என்ற சர்வதேச நியமமாயிற்று. அதன் எளிமையாக்கப்பட்ட வடிவமே 1998இல் வெளிவந்த எக்ஸ்.எம்.எல். ஆகும்.

பொருள் மட்டுமே குறிக்கப்பட்ட ஆவணத்துக்குத் தோற்றம் தருவது எவ்வாறு? இத்தேவையினின்றே எக்ஸ்.எஸ்.எல்.ரி. என்னும் உருமாற்று மொழி பிறந்தது. ஜேம்ஸ் கிளார்க்கைப் பதிப்பாசிரியராகக் கொண்ட அதன் முதற் பதிப்பு 1999 நவம்பரில் வெளியாயிற்று. அழகுபடுத்தற்கெனத் தோன்றிய அம்மொழி, ஓர் ஆவணத்தை முற்றிலும் வேறான ஆவணமாக மாற்றவும் வல்லதாயிருந்தது. வணிகமோ ஆவணங்களால் இயங்குவது. வாங்குவோரின் கட்டளையே விற்போரின் விலைப்பட்டியலாக மாறுகின்றது. ஆகவே அம்மாற்றத்தின் விதிகளை அம்மொழியிலேயே எழுதிப் பார்த்தல் இயல்வதாயிற்று. மைக்கேல் கே பதிப்பித்த 2007ஆம் ஆண்டின் இரண்டாம் பதிப்பு, தொகுத்தலையும் பயனரே சார்புகளை வரையறுக்கும் வசதியையும் சேர்த்து இப்பணியை மேலும் இலகுவாக்கியது.

இதன் பயனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். '10,000 ரூபாவுக்கு மேற்படின் 5 வீதக் கழிவு' என்பது ஒரு வணிகரின் விதி எனக் கொள்வோம். 6,000 ரூபாவுக்கும் 7,000 ரூபாவுக்கும் இரு பொருள்கள் வாங்கப்படுகின்றன. பொருள்தோறும் நோக்கின் கழிவே இல்லை. மொத்தத்தை நோக்கின் கழிவு 650 ரூபா. சொல்லில் மறைந்திருந்த இவ்வையம், மாதிரிக் கட்டளையொன்றை உருமாற்றிக் கிடைத்த பட்டியலைக் கண்டவுடனே வெளிப்படும். தரவுத்தளமும் திரைகளும் அமைக்கப்பட்ட பின்னர் செய்யும் திருத்தத்தை விட, சில வரிகளில் அமைந்த விதியைத் திருத்துவது எளிது. மேலும், இம்மொழியில் ஒரு மாறிக்கு ஒருமுறை அளித்த பெறுமானம் பின்னர் மாறுவதில்லையாதலின், பிழையின் மூலத்தைக் காண்பதும் இலகுவாகும்.

எனினும் முன்மாதிரி முழுக் கட்டடமன்று. பலர் ஒரே வேளையிற் பதிவுகளை மாற்றும் சிக்கலையோ, பதிவுகளை நெடுங்காலம் பேணும் பொறுப்பையோ உருமாற்று மொழி தாங்குவதில்லை. அதன் பெறுமதி வேறிடத்தில் உள்ளது. விதியை அறிந்தவர் வணிகர். அதை எழுதுபவர் நிரலாளர். இவ்விருவரும் ஒரே ஆவணத்தை முன்வைத்து உரையாட அது வழிசெய்தது. பொருளையும் தோற்றத்தையும் பிரித்த மூவரின் முயற்சி, பிரிந்துநின்ற இருசாராரை இவ்வாறு இணைத்தமை வரலாற்றிற் கருதத்தக்கதாகும்.