வடிதாளில் ஒட்டியிருந்த கால்சியம்

என் மனைவியின் தம்பி தினமும் காலைப் பலகாரத்துக்குப் பிறகு ஒரு மாத்திரை போட்டுக்கொள்வார். நாள்பட்ட ரத்தப் புற்றுநோய். பதினைந்து வருஷத்துக்கு மேலாகிறது, ஆள் நன்றாக இருக்கிறார். போன மாதம் வந்திருந்தபோது, "மாமா, இது உள்ளே போய் என்னதான் பண்ணுது?" என்றார். காலமெல்லாம் கோப்பு தூக்கியவனிடம் கேட்கிற கேள்வியா இது? ஆனாலும் விட மனசில்லை. பேத்தி பெங்களூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் இருக்கிறாள். அவள் சொன்னதும் நான் தேடிப் படித்ததும் சேர்ந்ததுதான் இந்தப் பதிவு.

அவள் அடிக்கடி சொல்லும் சொல் 'கைனேஸ்'. பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவனுக்கு இந்தச் சொல் அந்நியமில்லை. பிசியோதெரபிக்காரரைப் பிரெஞ்சுக்காரர்கள் 'கினே' என்பார்கள். 'அசைப்பது' என்று பொருள்படும் கிரேக்க வேர்ச்சொல் அது. சினிமாவும் அதே வேரிலிருந்து வந்ததுதான்.

செல்லுக்குள் கைனேஸ் செய்வது எங்கள் குமாஸ்தா வேலை. ஏ.டி.பி. என்ற மூலக்கூறிலிருந்து ஒரு பாஸ்பேட்டைப் பிய்த்து, வேறொரு புரதத்தின்மேல் சீல் மாதிரி குத்திவிடும். சீல் விழுந்ததும் அந்தக் கோப்பு நகரும். சில சமயம் நிற்கவும் செய்யும். சீலை அழிப்பதற்கு வேறொரு நொதி உண்டு. மனித உடம்பில் இப்படி 500க்கும் மேற்பட்ட கைனேஸ்கள் இருக்கின்றன.

இதைக் கண்டுபிடித்தவர்கள் எட்மண்ட் ஃபிஷர், எட்வின் கிரெப்ஸ் என்ற இருவர். ஃபிஷர் பிறந்தது ஷாங்காயில், 1920ல். அவருடைய தாய்வழித் தாத்தா பிரெஞ்சுக்காரர். ஹனோயில் பத்திரிகை வேலை பார்த்துவிட்டு ஷாங்காய் போய், அங்கே ஒரு பிரெஞ்சுப் பத்திரிகையே தொடங்கியவர். இதைப் படித்தபோது எனக்கு எங்கள் ஊர் ஞாபகம் வந்தது. அந்தக் காலத்தில் புதுச்சேரி, காரைக்காலிலிருந்து எத்தனை பேர் இந்தோசீனாவுக்கு உத்தியோகம் பார்க்கப் போனார்கள்! சைகோனிலிருந்து வந்த பெட்டியும் பீங்கானும் இன்னும் சில வீடுகளில் இருக்கின்றன. ஃபிஷர் ஏழு வயதில் சுவிட்சர்லாந்துக்கு அனுப்பப்பட்டு, ஜெனீவாவில் வேதியியல் படித்து, 1953ல் அமெரிக்காவின் சியாட்டில் நகருக்குப் போனார். கிரெப்ஸ் ஏற்கெனவே அங்கே இருந்தார்.

தசை இயங்கச் சர்க்கரை வேண்டும். சேமிப்பிலிருந்து அதை உடைத்துத் தருவது பாஸ்பாரிலேஸ் என்ற நொதி. அதற்கு 'ஏ', 'பி' என்று இரண்டு வடிவம். வேலை செய்வது 'ஏ', தூங்குவது 'பி'. கிரெப்ஸின் குருமார்களான கோரி தம்பதியர் முயல் தசைச் சாற்றிலிருந்து 'ஏ' வடிவத்தையே எடுத்திருந்தார்கள். சியாட்டிலில் இவர்கள் செய்தபோதோ 'பி'தான் வந்தது. காரணம் என்ன? கோரிகள் சாற்றை வடிதாளில் வடிகட்டினார்கள். இவர்கள் அந்த வேலையை விட்டுவிட்டு, சுழற்சி இயந்திரத்தில் போட்டுத் தெளியவைத்தார்கள். பழையபடி தாளில் வடிகட்டியதும் 'ஏ' வந்துவிட்டது! தாளில் ஒட்டியிருந்த கால்சியம் சாற்றில் கலந்து, அதிலிருந்த ஒரு கைனேஸை எழுப்பிவிட்டிருக்கிறது. அது பாஸ்பேட் சீலைக் குத்த, 'பி' என்பது 'ஏ' ஆகிவிட்டது. இது 1955. நோபல் பரிசு கிடைத்தது 1992ல். 37 வருஷம்! எங்கள் ஆபீசில்கூட எந்தக் கோப்பும் அவ்வளவு நாள் தூங்கியதில்லை என்றுதான் நினைக்கிறேன்.

அன்றைக்குக் கைனேஸ் வேண்டுமென்றால் முயல் தசையை அரைக்க வேண்டும். இப்போது மனித மரபணுவை வேறோர் உயிரின் செல்லுக்குள் வைத்து, அதையே தயாரிக்கச் சொல்கிறார்கள். பாக்டீரியாவில் சரியாக உருவாகாதவற்றுக்குப் பூச்சியின் செல். எந்தப் பூச்சி தெரியுமா? 2018லிருந்து நம் மக்காச்சோள விவசாயிகளை அழவைத்த அமெரிக்கன் படைப்புழு! அதன் சூலகத்திலிருந்து எடுத்த செல்களைப் பல்லாண்டுகளாகக் கண்ணாடிக் குடுவையில் வளர்க்கிறார்கள். மரபணுவை உள்ளே கொண்டுபோவது ஒரு பூச்சி வைரஸ். இப்படித் தயாரான நொதி உலர் பனிக்கட்டிக்கு நடுவே, சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத குப்பியில் வரும் என்றாள் பேத்தி. அது மைனஸ் 80 டிகிரியில் இருக்க வேண்டும். கரண்டு போனால் இவளுக்குத் தூக்கம் போய்விடும்.

குப்பி எதற்கு? அந்த நொதியோடு ஏ.டி.பி.யையும் புதிதாகச் செய்த மருந்தையும் கலந்து, எத்தனை சீல் விழுகிறது என்று அளப்பார்கள். சீல் குறைந்தால் மருந்து வேலை செய்கிறது.

மைத்துனரின் வியாதியில் 9ஆம், 22ஆம் குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொண்டுவிட்டன. அந்த ஒட்டில் பிறந்த கைனேஸ், நிறுத்தவே தெரியாமல் சீல் குத்திக்கொண்டே இருக்கும். வெள்ளணுக்கள் பெருகும். அவர் போடும் இமாட்டினிப், ஏ.டி.பி. உட்கார வேண்டிய இடத்தில் போய்த் தான் உட்கார்ந்துகொள்கிறது. அமெரிக்காவில் 2001ல் அனுமதி பெற்றது.

காப்புரிமை விண்ணப்பத்தை 2006ல் சென்னை அலுவலகம் நிராகரித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. சொந்தக் கம்பெனி மருந்து மாதம் 1,20,000 ரூபாய் என்றும், உள்நாட்டு மருந்து பத்தாயிரத்துக்குள் என்றும் அன்றைய பத்திரிகைகள் எழுதின. எங்கள் வீட்டில் வில்லியனூர் நிலத்தை விற்பதா என்று பேச்சு ஓடிய நாட்கள் அவை. 2013 ஏப்ரல் 1 அன்று தீர்ப்பு, காப்புரிமை கிடையாது என்று. முதலில் யாரோ ஏப்ரல் ஃபூல் செய்கிறார்கள் என்றே நினைத்தோம். நிலம் இன்னும் இருக்கிறது.

இதையெல்லாம் சொல்லி முடித்தபோது மைத்துனருக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. மூன்று மாதத்துக்கொரு முறை எடுக்கும் ரத்தப் பரிசோதனை அடுத்த வாரம். முடிவு வந்ததும் போன் செய்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.