படத்தில் நிற்கும் காரின் வயது

கடந்த சில வருடங்களாக எனக்குப் பழைய படங்கள் வந்துகொண்டிருக்கின்றன. ரொறன்ரோவிலிருந்து, பாரிஸிலிருந்து, பக்கத்துத் தெருவிலிருந்தும்கூட. எல்லாப் படத்திலும் ஒரு கார் நிற்கும். காருக்குப் பக்கத்தில் ஒருவர் நிற்பார். கேள்வி எப்போதும் காரைப் பற்றியதாகத்தான் தொடங்கும்: "இது என்ன கார் எண்டு சொல்ல முடியுமோ?" இரண்டு மூன்று கடிதங்களுக்குப் பிறகுதான் உண்மையான கேள்வி வரும். இந்தப் படம் எப்போது எடுத்தது? இது எங்கள் வீடுதானா? இதில் நிற்பது யார்?

1987இல் வடமராட்சியில் இராணுவ நடவடிக்கை, 1995இல் வலிகாமத்தை விட்டு ஒரேயடியாக வெளியேறியது, 2004இல் கடல் உள்ளே வந்தது, 2009 வரை வன்னியில் நடந்தது என்று எங்கள் சனத்தின் அல்பங்கள் ஒவ்வொரு தடவையும் குறைந்துகொண்டே வந்தன. மிஞ்சியவை பெரும்பாலும் முன்னரே வெளிநாடு போன உறவினருக்குத் தபாலில் அனுப்பியவை. பின்பக்கத்தில் திகதி இல்லை. எழுதியவர் இல்லை. கேட்டால் சொல்லக்கூடிய கிழவியும் இல்லை. அந்த நிலையில் படத்துக்குள் நிற்கும் கார் ஒரு சாட்சி. அந்தச் சாட்சியை எப்படி விசாரிப்பது, அது எங்கே எங்களைப் பிழையாக வழிநடத்தும் என்பதைப் பருத்தித்துறையில் இருந்து நான் கற்ற அளவில் எழுதுகிறேன்.

முதலில் இலக்கத் தகட்டைப் பாருங்கள். இலங்கையில் 1950களின் நடுப்பகுதி வரை பதிவான கார்களுக்கு, சிலோன் என்ற ஆங்கிலப் பெயரில் உள்ள எழுத்துகளை இரண்டிரண்டாக எடுத்து இலக்கம் கொடுத்தார்கள். சீ.என், சீ.வை, ஈ.எல், ஈ.என், ஈ.வை என்று தொடங்கும் தகடுகள் அவை. அதன் பிறகு வந்தது சிங்கள ஸ்ரீ. 1957இலும் 1958இலும் அந்த எழுத்துக்கு எதிராக வடக்குக் கிழக்கில் நடந்த போராட்டம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். தமிழரசுக் கட்சியினர் அதன்மேல் தார் பூசினார்கள், தமிழில் ஸ்ரீ எழுதிக்கொண்டு ஓடினார்கள். ஆகவே தகட்டின் நடுவில் கறுப்பாக ஒரு பூச்சு, அல்லது கையால் எழுதிய தமிழ் ஸ்ரீ தெரிந்தால், அது அந்த நாட்களில் எடுத்த படமாக இருக்க நல்ல சாத்தியம் உண்டு. அப்படியான படம் கிடைத்தவர்கள் அதைக் கவனமாக வைத்திருங்கள். அது குடும்பப் படம் மட்டுமல்ல.

தகடு தெரியாவிட்டால் காரின் முகத்துக்கு வரவேண்டும். யாழ்ப்பாணத்துப் படங்களில் அதிகம் வருவது மொறிஸ் மைனர். 1948இல் லண்டன் கண்காட்சியில் முதலில் காட்டிய கார். அதை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ், உற்பத்திக்குப் போகும் கடைசி நேரத்தில் காரை நடுவில் பிளந்து 4 அங்குலம் அகலமாக்கினார். பொனற்றின் நடுவில் ஓடும் மேடான பட்டி அந்த 4 அங்குலம்தான். ஆக முதலில் வந்தவற்றில் லைற்றுகள் கீழே, கிறிலுக்குள் இருக்கும். பிறகுதான் மட்காட்டின் மேலே ஏறின. முன் கண்ணாடி நடுவில் ஒரு கம்பியால் இரண்டாகப் பிரிந்திருந்தால் 1956க்கு முந்திய உற்பத்தி. ஒரே வளைந்த கண்ணாடி என்றால் 1956 கடைசியில் வந்த மொறிஸ் 1000, அல்லது அதற்குப் பிந்தியது. பக்கத்துத் தூணிலிருந்து வெளியே நீளும் சிக்னல் கை 1961 வரை இருந்தது. அதன் பிறகு மின்னும் லைற் வந்துவிட்டது.

இங்கே ஒரு பொறி உண்டு. 1948 முதல் 1954 வரை வந்த மொறிஸ் ஒக்ஸ்போட், மைனரை ஊதிப் பெருப்பித்தது மாதிரி இருக்கும். தனியே நிற்கும் படத்தில் இரண்டையும் பிரிப்பது கஷ்டம். ஆள் பக்கத்தில் நின்றால் சுகம். மைனரின் உயரம் 5 அடிதான். சராசரி உயரமான ஆம்பிளையின் தோள் கூரைக்குக் கொஞ்சம் கீழேதான் நிற்கும். ஒக்ஸ்போட் நீளத்தில் அதைவிட ஒன்றரை அடி கூட.

ஒஸ்ரின் ஏ40 இன்னும் குழப்பம் தருவது. எங்கள் ஊரில் "ஏ ஃபோட்டி" என்றால் ஒரு கார் என்று நினைப்பார்கள். உண்மையில் ஒரே பெயரில் பல உடம்புகள் வந்தன. 1947இல் வந்த டெவன்: முன் மட்காட்டுகள் தனியே புடைத்து நிற்கும், பொனற் ஒடுக்கம். 1952 முதல் 1954 வரை சொமசெற்: மட்காட்டின் கோடு கதவுகளுக்கு மேலால் வழிந்து பின்னுக்குப் போகும், எல்லாம் உருண்டை. 1954இல் கேம்பிறிட்ஜ்: பக்கம் தட்டையாகிவிட்டது, மட்காட் என்று தனியாக ஒன்று இல்லை. 1958இல் வந்த சிறிய ஏ40, பினின்பரீனா வரைந்தது, இவை எதனோடும் சொந்தமில்லாத பெட்டி வடிவம். பொனற்றில் சிறகு விரித்த 'ஏ' எழுத்தைக் கண்டவுடன் முடிவு எடுக்க வேண்டாம். அது பல ஒஸ்ரின்களில் இருந்தது. பக்கவாட்டைப் பாருங்கள்.

1959க்குப் பிறகு வந்த, பின்னால் செட்டை வைத்த பெரிய கார்கள் இன்னொரு விதம். ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ், மொறிஸ் ஒக்ஸ்போட், வுல்ஸ்லி, றைலி, எம்.ஜி என்று ஐந்து பெயர்களில் ஒரே உடம்பை விற்றார்கள். பிரிப்பதற்கு முன் கிறிலை விட வேறு வழி குறைவு. வுல்ஸ்லி என்றால் கிறிலின் உச்சியில் இரவில் ஒளிரும் சின்னம் இருக்கும். பேஜோ 403ஐயும் 404ஐயும் பழகிய கண் தூரத்திலேயே பிரிக்கும்: 403 உருண்டை, 404 கூர்மையான விளிம்புகளும் செட்டையும். வொக்ஸ்வாகனுக்குப் பின்பக்கம் தெரிய வேண்டும். பின் கண்ணாடி இரண்டாகப் பிரிந்திருந்தால் 1953க்கு முந்தியது, முட்டை வடிவம் 1957 வரை, பிறகு சதுரம்.

அபூர்வமானவையும் வரும். ஒரு குடும்பம் தங்கள் பாட்டனார் றோல்ஸ் றொய்ஸ் வைத்திருந்தார் என்று மூன்று தலைமுறையாகச் சொல்லி வந்தது. படமும் இருந்தது. கூரை கத்தியால் வெட்டியது போல நேர்விளிம்பு, கிறில் கோயில் முகப்பு மாதிரி. ஆனால் பக்கத்தில் நின்ற பாட்டனாருக்கு முன்னால் கார் மிகச் சின்னது. அது றயம்ப் மேபிளவர். 1949 முதல் 1953 வரை செய்தார்கள். பெரிய கார்களின் வடிவத்தைச் சின்னக் காருக்குப் போட்டது. விஷயத்தைச் சொன்னபோது அவர்களுக்குச் சப்பென்று போய்விட்டது. என்னைக் கேட்டால், இன்று றோல்ஸ் றொய்ஸைவிட மேபிளவரைக் காண்பதுதான் அரிது.

படம் இந்தியாவில் எடுத்ததா என்ற சந்தேகமும் வரும். எங்கள் ஆட்கள் சென்னைக்கும் சிதம்பரத்துக்கும் போய் வந்தவர்கள். அம்பாசடர் என்று நினைக்கும் கார், இங்கிலாந்தில் 1956இல் வந்த மொறிஸ் ஒக்ஸ்போட் மூன்றாம் வரிசையாகவே இருக்கலாம். அம்பாசடர் அதிலிருந்து பிறந்ததுதான். அப்போது பின்னணியில் உள்ள கடைப் பலகை, தகடு, மரம்கூடப் பேச வேண்டும். இன்னொன்று: ஸ்ரேறிங் இடப்பக்கம் தெரிந்தால் வெளிநாட்டுக் கார் என்று துள்ள வேண்டாம். பிலிமைத் திருப்பி வைத்து அச்சடித்திருக்கலாம். சேட்டுப் பொக்கற் எந்தப் பக்கம் என்று பாருங்கள்.

இதுவரை சொன்னது எந்த நாட்டுப் படத்துக்கும் பொருந்தும். எங்கள் ஊருக்கு ஒரு தனி விதி உண்டு. அதை நான் பிழை விட்டுத்தான் கற்றேன்.

கனடாவில் இருக்கும் ஒரு பெண் அனுப்பிய கறுப்பு வெள்ளைப் படம் அது. இடம் எனக்குப் பார்த்தவுடன் தெரிந்தது. எங்கள் தெருமூடி மடம். வீதிக்கு மேலேயே கூரை போட்டு, இரண்டு பக்கமும் தூணும் திண்ணையுமாக, வாகனங்கள் உள்ளால் போய் வரும் அந்த மடத்தைப் பருத்தித்துறை தெரிந்த எவரும் மறக்க மாட்டார்கள். மடத்து நிழலில் ஒரு கார். கதவில் கை வைத்தபடி வேட்டி சேட்டுடன் ஒருவர், முகம் பாதி நிழலில். லண்டனில் உள்ள சித்தப்பாவின் அல்பத்தில் கிடந்ததாம். "அப்பப்பா, 1955" என்று அவர் சொல்லியிருக்கிறார். சரியா என்று கேட்டிருந்தார்.

கார் சொமசெற். தகட்டில் ஸ்ரீ இல்லை, ஆங்கில எழுத்துகள். படம் கறுப்பு வெள்ளை. "1953க்கும் 1957க்கும் இடையில்" என்று நான் எழுதி அனுப்பிவிட்டேன். அரை மணித்தியால வேலை.

சில மாதம் கழித்து நெல்லியடிப் பக்கம் ஒரு பழைய கராச்காரரிடம் வேறு அலுவலாகப் போனபோது அந்தப் படத்தையும் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார்.

"தம்பி, சொமசெற்தான். ஆனா மட்காட்டில உது என்ன?"

பார்த்தேன். முன் மட்காட்டில் சின்ன மின்னும் சிக்னல் லைற். சொமசெற் தூணில் சிக்னல் கையோடு வந்த கார். லைற் பிறகு யாரோ பூட்டியது.

"அதை விடும். காலடியில பாரும்."

முன் சில்லுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்ரிக் கான். அதன்மேல் குழாய் வைத்த சின்னப் போத்தல்.

"சூப்பி," என்றார்.

இளைய வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். 1990 ஆனியில் போர் மீண்டும் தொடங்கியபோது குடாநாட்டுக்குப் பெற்றோல் தடை செய்யப்பட்டது. கிடைத்த கொஞ்சம் போத்தல் கணக்கில், தங்க விலைக்கு. அப்போது கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் ஆவியாகாது. அதனால் சூப்பியில் இருந்து கொஞ்சம் பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு எஞ்சினை ஸ்ராட் பண்ணி, சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். வெள்ளைப் புகையும் அந்த மணமும் அந்தக் காலத்தில் வளர்ந்தவர்களின் மூக்கை விட்டுப் போகாது. புதிய யப்பான் கார்களின் எஞ்சின்கள் இதற்கு ஒத்துவரவில்லை. கலவையை எஞ்சின் இறுக்கும் அளவு கூடினால் மண்ணெண்ணெய் தட்டும், இழுக்காது. பழைய ஒஸ்ரினிலும் மொறிஸிலும் அந்த அளவு ஏறத்தாழ 7க்கு 1தான். ஆகவே கொட்டிலில் தூங்கிய கிழட்டுக் கார்கள் எழும்பி வந்தன. வாடகைக்கு ஓடின, கலியாணத்துக்கு ஓடின, காயப்பட்டவர்களை மந்திகை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயின.

தனி விதி என்று சொன்னேனே, அது இதுதான். கார் படத்துக்குத் தரும் வருடம் கீழ் எல்லை மட்டும். "இதற்கு முந்தியது அல்ல" என்று அது உறுதியாகச் சொல்லும். "இதற்குப் பிந்தியது அல்ல" என்று சொல்லாது. வேறு நாடுகளில் பத்துப் பதினைந்து வருடத்தில் கார் வீதியை விட்டுப் போய்விடும். அங்கே வாகனத்தின் வயதும் படத்தின் வயதும் கிட்டத்தட்ட ஒன்று. எங்களுக்கோ முதலில் 1960களில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் கார் இறக்குமதி இறுகியது, பிறகு தடையும் போரும். 1953இல் செய்த கார் 1993இலும் ஓடிற்று. இலக்கத் தகடும் காரோடுதான் பிறந்து காரோடுதான் சாகும். படம் எடுத்த நாளை அது காட்டாது. கறுப்பு வெள்ளையும் சாட்சியல்ல. அதை மின்சாரம் இல்லாத இருட்டறையிலும் கையால் கழுவி எடுக்கலாம்.

படம் எடுத்த காலத்தை நெருங்கக் காரில் பின்னர் பூட்டியவற்றைத் தேட வேண்டும். மாற்றிய லைற், வேறு காரின் சில்லுமூடி, கறள் பிடித்து ஒட்டுப் போட்ட மட்காட், இரவில் வெளிச்சம் தெரியாமல் லைற்றின் மேல்பாதியில் பூசிய கறுப்பு. காருக்கு வெளியேயும் பாருங்கள்: பிளாஸ்ரிக் சாமான், மண் மூட்டை, சுவரில் உள்ள சுவரொட்டி, வீட்டுக் கூரையில் ஓடு இருக்கிறதா இல்லையா. படத்தைப் பிரதி எடுக்கும்போது ஓரத்தை வெட்ட வேண்டாம் என்று நான் எல்லோரிடமும் கெஞ்சுவது இதற்காகத்தான். அந்தக் கான் படத்தின் ஓரத்தில்தான் இருந்தது. கையில் இருக்கும் பழைய பதிவுப் புத்தகங்களையும் எறிந்துவிடாதீர்கள். கார் போயிருந்தாலும் அதில் உற்பத்தி வருடமும் சொந்தக்காரர் பெயர்களும் கிடக்கும்.

அன்றிரவே அந்தப் பெண்ணுக்கு எழுதினேன். நான் சொன்னது பிழை, படம் 1990 ஆனிக்குப் பிறகு எடுத்தது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று. அவருடைய அப்பப்பா 1974இல் இறந்தவர் என்பது எனக்கு அப்போது தெரியாது.

இரண்டு நாளாகப் பதில் இல்லை. மூன்றாம் நாள் தொலைபேசி எடுத்தார். படத்தைப் பெரிதாக அச்சடித்துத் தாயிடம் கொடுத்திருக்கிறார். முன்பு கைத்தொலைபேசியில் சின்னதாகக் காட்டியபோது, மாமா என்று சொன்னதை நம்பித் தாய் சரியாகப் பார்க்கவே இல்லையாம். இந்தத் தடவை அவர் முகத்தைப் பார்க்கவில்லை, சேட்டைப் பார்த்தார். கழுத்துப் பட்டி அவர் தைத்தது. படத்தில் நிற்பது அந்தப் பெண்ணின் தகப்பன். 1996இல் காணாமற்போனவர். அவர் போகும்போது மகளுக்கு நாலு வயது. வீட்டிலிருந்த படங்கள் எல்லாம் வீட்டோடு போயின. அவருடைய படம் என்று அவர்களிடம் இப்போது இருப்பது இது ஒன்றுதான்.

கார் ஆருடையது, அப்பா அதை ஓட்டினவரா என்று கேட்டார். மறுபடியும் நெல்லியடிக்குப் போனேன். கராச்காரர் தகட்டு இலக்கத்தை விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தார். அந்தக் காரை அவருக்குத் தெரியும். இரண்டு தரம் எஞ்சின் இறக்கி ஏற்றியிருக்கிறார். 1995 இடப்பெயர்வுக்குப் பிறகு காணவில்லை என்றார். படத்தில் நின்றவரைக் காட்டிக் கேட்டேன். நெடுநேரம் பார்த்தார்.

"ஆளைத் தெரியேல்லை தம்பி," என்றார். "காரைத்தான் தெரியும்."