கரிசலில் விரியாத இதயம்

இதயம் சுருங்கும்போது இரத்தத்தை வெளியே தள்ளுகிறது, விரியும்போது நிரப்பிக்கொள்கிறது. டயஸ்டாலிக் இதயச் செயலிழப்பில் கெடுவது இரண்டாவது வேலை. இடது கீழறையின் சுவர் தடித்து விறைத்துப்போவதால் அறை முழுதாக விரிவதில்லை. உள்ளே அழுத்தம் ஏறுகிறது, இரத்தம் பின்னால் தேங்குகிறது, நுரையீரலில் நீர் கோக்கிறது. ஆனால் ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் தள்ளும் அளவு 50 சதவீதமோ அதற்கு மேலோ இருக்கும். பார்வைக்கு நல்ல இதயம் என்பதாலேயே இந்நோய் மருத்துவ உலகில் நெடுங்காலம் தனிப் பெயரின்றிக் கிடந்தது.

நோயாளி முதலில் சொல்வது, நாலு எட்டு வைத்தால் மேல்மூச்சு வாங்குகிறது என்பதுதான். பிறகு மல்லாந்து படுக்க முடியாமல் போகும். ஒரு தலையணை இரண்டாகும். நள்ளிரவில் திணறி எழுந்து உட்கார்ந்தால் சற்றே தணியும். கணுக்காலைப் பெருவிரலால் அழுத்தி எடுத்தால் விழுந்த குழி உடனே மேடேறாது. கரிசல் மண்ணில் பருத்தித் தூசியில் உழைத்தவருக்கு இது இளைப்பாகத் தோன்றும். தீப்பெட்டி ஆபீஸில் நாள் முழுக்க உட்கார்ந்து கட்டை அடுக்கிய பெண்ணின் கால்வீக்கத்துக்கு உட்காருவதே காரணமாகப்படும். மற்றவர்களுக்கு இருக்கவே இருக்கிறது வயது.

கரிசல் பயிர்களை ஆராயக் கோவில்பட்டியில் 1901இலேயே வேளாண் ஆராய்ச்சி நிலையம் வந்துவிட்டது. அந்த மண்ணில் உழைத்தவர்களின் இரத்த அழுத்தத்தை அரசு முறையாக அளக்க அதன்பின் நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. கருவி இல்லாமல் அல்ல: ரிவா-ரோச்சி கைப்பட்டையை 1896இல் உருவாக்கினார், ஸ்டெதாஸ்கோப் வைத்து ஒலி கேட்கும் முறையை 1905இல் கொரட்காஃப் சொன்னார். 1953இல் ஸ்வீடனின் லுண்ட் நகரில் எட்லரும் ஹெர்ட்ஸும் இதயத்தை ஒலியலையால் படம்பிடிக்கும் எக்கோவுக்கு வழி திறந்தனர். 1980களில் இரத்த ஓட்டத்தை அளக்கும் டாப்ளர் எக்கோ பரவலான பிறகுதான், நன்றாகத் தள்ளும் இதயமும் செயலிழக்கும் என்பது மருத்துவர்களிடையே நிலைபெற்றது.

கரிசலுக்கு இந்த அளவீடு வந்த கதை கோவில்பட்டிக்கு அண்டை மாவட்டத்தில் தொடங்குகிறது. உலக வங்கி உதவியுடன் நடந்த தமிழ்நாடு சுகாதாரத் திட்டம், 2007இல் விருதுநகர், சிவகங்கை மாவட்டங்களை முன்னோடியாக எடுத்துக்கொண்டது. 30 வயது கடந்தவர் எந்தத் தொந்தரவுக்காக அரசு மருத்துவமனைக்கு வந்தாலும் பிரஷர் பார்ப்பது அதன் அடிப்படை. 2012இல் இது மாநிலம் முழுக்க விரியத் தொடங்கியது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பெண் தன்னார்வலர்கள் கருவியோடு வீட்டுக்கே வருகிறார்கள், மாத்திரையையும் கொடுத்துப் போகிறார்கள். இந்நோயைத் தடுப்பதில் இதற்கு ஈடான வேலை வேறில்லை. பல ஆண்டுகள் அடங்காமல் நிற்கும் இரத்த அழுத்தமே இதயச் சுவரைத் தடிக்க வைக்கும் முதல் காரணம். சர்க்கரை நோய், உடல் பருமன், சிறுநீரகக் கோளாறு, தாறுமாறான இதயத் துடிப்பு, முதுமை ஆகியவை அதனோடு சேர்கின்றன.

சர்க்கரை, பருமன் என்றதும் பேச்சு உணவுக்குத் திரும்பும். கம்பும் சோளமும் குதிரைவாலியும் உண்ட மண்ணில் நெல்லுச்சோறு ஒருகாலத்தில் விசேஷ நாளின் உணவு. ரேஷன் அரிசி 2008இல் கிலோ ஒரு ரூபாய்க்கும் 2011இல் விலையின்றியும் கிடைத்தது. நோய்க்கு அரிசியை மட்டும் குற்றம் சொல்வது நியாயமாகாது. அது பசியைத் தீர்த்தது. தட்டில் சோறு கூடிய அதே காலத்தில் உடலுழைப்பு குறைந்ததையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

சிகிச்சையின் வரலாற்றில் இந்தியாவுக்கு ஒரு பங்குண்டு. சர்ப்பகந்தா வேர் இரத்த அழுத்தத்தைத் தணிப்பதை பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949இல் பிரிட்டிஷ் இதய இதழில் எழுதியதும் உலகம் திரும்பிப் பார்த்தது. தேங்கும் நீரை வடிக்க 1960களில் ஃபுரோசமைடு வந்தது. இன்றும் திணறலை விரைவில் தணிப்பது இந்த நீர் மாத்திரைதான். ஆனால் விறைத்த இதயத்துக்கென்று பெரிய ஆய்வுகளில் சோதிக்கப்பட்ட மருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக ஏமாற்றின. 2021இல் எம்பாகிளிஃப்ளோசினும் 2022இல் டபாகிளிஃப்ளோசினும் அந்த நிலையை மாற்றின. சர்க்கரை நோய்க்காக வந்த இம்மருந்துகள், சர்க்கரை இல்லாத இதய நோயாளிகளும் மருத்துவமனையில் சேர நேர்வதைக் குறைத்தன. இரண்டின் காப்புரிமையும் இந்தியாவில் முடிந்துவிட்டதால் விலை இறங்கியிருக்கிறது. மருந்தோடு உப்பையும் குறைக்க வேண்டும்; கருவாடும் மோர்மிளகாயும் ஊறுகாயும் அந்தக் கணக்கில் சேரும்.