முதியோரைத் தேடிச் சென்றவர்கள்



எங்கள் ஊராகிய குன்றாண்டார்கோவிலுக்கு வருவோர் குன்றைக் குடைந்து பல்லவர் காலத்தில் அமைத்த கோயிலைக் காண்கிறார்கள். குதிரைகள் இழுக்கும் தேர்போலச் செதுக்கப்பட்ட கல்மண்டபத்தைச் சுற்றிவந்து வியக்கிறார்கள். பிறகு கீரனூருக்குப் பேருந்து ஏறிவிடுகிறார்கள். தெருத் திண்ணைகளிலும் மரநிழலிலும் பகற்பொழுதைப் போக்கும் முதியோர் அவர்கள் கண்ணிற் படுவதில்லை. அவர்களைக் குறைகூற எனக்குத் தகுதியில்லை. உள்ளூரிலேயே வாழும் நானும் நெடுங்காலம் கண்டேனில்லை. பிள்ளைகள் திருப்பூருக்கும் சிங்கப்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் பிழைப்புத் தேடிச் சென்றபின், பூட்டிய வீடும் பூட்டாத திண்ணையுமாக எஞ்சியவர்கள் அவர்கள்.

என்னோடு பணியாற்றிய தமிழாசிரியர் ஒருவர், என்னினும் பதினைந்து ஆண்டு மூத்தவர், மனைவியை இழந்த பிறகு, கன்னியர் நடத்தும் முதியோர் இல்லம் ஒன்றிற் சேர்ந்தார். அவருக்கு ஓய்வூதியம் உண்டு; வெளிநாட்டிலிருந்து மகன் பணமும் அனுப்புகிறான். பணத்துக்குக் குறைவில்லை. "அடுத்த வாரம் போய்ப் பார்க்க வேண்டும்" என்று நான் சொல்லிக்கொண்டே எட்டு மாதங்களைக் கழித்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை போனபோது, அவர் கட்டிலருகே முக்காலியில் ஓர் இளைஞர் அமர்ந்து கம்பராமாயணத்தை உரக்கப் படித்துக்கொண்டிருந்தார். சீர் பிரிக்கத் தெரியாமல் அவர் தடுமாறுந்தோறும் கட்டிலில் இருந்தவர் திருத்திக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "வா தம்பி, வழி தெரிந்ததா?" என்றார். அதற்கு நான் என்ன விடை சொல்வது?

அந்த இளைஞர் கிறிஸ்தவர். கைப்பேசி பழுதுபார்க்கும் கடையில் வேலை. வாரந்தோறும் தம் தோழர் ஒருவரோடு அங்கு வருகிறார். தமிழையாவுக்கு எந்தக் காதில் கேட்கும், எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளாது, மனைவியின் நினைவுநாள் எது என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. முப்பதாண்டு பழகிய எனக்குத் தெரியவில்லை. இப்படி அயலார் முதியவரைத் தேடிவரும் வழக்கம் எங்கே, எவ்வாறு தோன்றிற்று என்று ஆராயத் தூண்டியது அந்த வெட்கமே.

நம் நாட்டில் அறச்சாலைகளுக்குப் பஞ்சமில்லை. தஞ்சை சரபோஜி மன்னர் ஒரத்தநாட்டில் அமைத்த முத்தாம்பாள் சத்திரம் வழிப்போக்கருக்கு உணவளித்ததோடு நோயாளருக்கு மருந்தும் அளித்தது. சென்னையில் 1782ஆம் ஆண்டுப் பஞ்சத்திலே தோன்றிய மணியக்காரர் சத்திரத்துக் கஞ்சித்தொட்டியின் பெயரால்தான், பின்னாளில் ஸ்டான்லி மருத்துவமனையாக வளர்ந்த இடத்தைக் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்று மக்கள் அழைத்தனர். ஆயினும் இவை யாவும் பசித்தவன் தேடி வரும் இடங்கள். முதியோரைப் பேணுவது குடும்பத்தின் கடன் என்றிருந்தமையால், அவர்களைத் தேடிச் செல்வதற்கென ஓர் அமைப்பு வேண்டும் என்று நாம் எண்ணவில்லை. அன்று அது குறையும் அன்று. பெற்றோரைப் பேணுமாறு பிள்ளைகளைக் கட்டாயப்படுத்த 2007ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் ஒரு சட்டமே இயற்ற நேர்ந்தது என்பதிலிருந்து, காலம் எவ்வளவு மாறிவிட்டது என்பதை உணரலாம்.

ஐரோப்பாவில் இம்மாற்றம் முன்னரே நேர்ந்தது. பாரிஸ் நகரத்தில் 1833ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள், இருபது வயது நிரம்பிய பிரெடரிக் ஓசானாம் என்னும் மாணவரும் அவர் தோழர் சிலரும் வின்சென்ட் தே பவுல் பெயரால் ஒரு சபை கண்டனர். உங்கள் சமயம் இன்று ஏழைக்கு என்ன செய்கிறது என்று எதிர்க்கருத்தினர் விடுத்த வினாவே அவர்களை எழுப்பிற்று. குளிர்காயத் தமக்கென வைத்திருந்த விறகைச் சுமந்துகொண்டு ஏழை வீட்டுக்குச் சென்றார்களாம். அன்று முதல் அவர்கள் வகுத்துக்கொண்ட முறை, உதவியை ஆள்வழி அனுப்பாமல் தாமே நேரிற் கொண்டுபோய்க் கொடுப்பது. இச்சபை 1863ஆம் ஆண்டில் இந்தியாவுக்கு வந்தது.

ஆறு ஆண்டுகள் கழித்து, அதே பிரான்சின் கடற்கரையோரம், சென் செர்வான் என்னும் ஊரில், ஜீன் ஜூகன் என்ற பணிப்பெண் செய்த செயல் இதனினும் எளியது. மீனவர் மகள், வயது நாற்பத்தேழு, சொத்தில்லை. 1839ஆம் ஆண்டின் குளிர்காலத்தில், பார்வையிழந்து பக்கவாதத்தால் முடங்கிய கிழவி ஒருத்தியைத் தம் வீட்டுக்குக் கொண்டுவந்து, தம் கட்டிலையே அவளுக்கு அளித்துத் தாம் பரணில் படுத்துக்கொண்டார். ஒருத்தி வந்த இடத்துக்கு வேறு பலரும் வந்தனர். அம்மூதாட்டிகள் முன்பு பிச்சையெடுத்து உண்டவர்கள். இனி நீங்கள் தெருவில் இறங்க வேண்டாம், உங்களுக்காக நான் ஏந்துகிறேன் என்று கூடையைத் தம் கையிலே வாங்கிக்கொண்டார் ஜீன். ஒருவன் சினந்து அறைந்தபோது, இது எனக்கு. இனி என் ஏழைகளுக்கு ஏதேனும் கொடுங்கள் என்ற பொருள்பட அவர் விடையிறுத்ததாக ஒரு கதை வழங்குகிறது. 1845ஆம் ஆண்டில் பிரெஞ்சுப் பேரவை அவருக்கு 3,000 பிராங்கு பரிசளித்துப் பாராட்டியது.

இனிச் சொல்லப்போவது எனக்கு மிகவும் உறுத்துகின்ற பகுதி. 1843ஆம் ஆண்டிலேயே அவரைத் தலைமையிலிருந்து அகற்றினார் அச்சபையின் பொறுப்பை ஏற்றிருந்த குருவானவர் ஒருவர். 1852ஆம் ஆண்டில் வெளிப்பணியும் வேண்டாமென்று தலைமையில்லத்துக்குள் அடக்கிவிட்டார். சபையை நிறுவியவர் தாமே என்று அவர் சொல்லிக்கொண்டார். ஜீன் ஜூகன் இருபத்தேழு ஆண்டுகள் அங்கே வாழ்ந்தார். புதிதாகச் சேர்ந்த இளங்கன்னியர் இந்த முதியவர் யார் என்று அறியாமலே அவரோடு பழகினர். அவர் 1879ஆம் ஆண்டு ஆகஸ்டு 29ஆம் நாள் மறைந்தபோது சபையில் ஏறத்தாழ 2,400 கன்னியர் இருந்தனர். பதினொரு ஆண்டுகளுக்குப் பின்னரே ரோம் விசாரித்து அக்குருவை நீக்கிற்று. கைவிடப்பட்ட முதியோருக்காக வாழ்ந்தவர் தம் முதுமையில் தம் வீட்டிலேயே மறக்கப்பட்டார். 2009ஆம் ஆண்டு அக்டோபரில் அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கப்பட்டது.

ஏழைகளின் சிறிய சகோதரிகள் எனப்படும் அக்கன்னியர் 1882ஆம் ஆண்டில் கல்கத்தாவுக்கும் 1900ஆம் ஆண்டில் பெங்களூருக்கும் வந்து இல்லங்கள் அமைத்தனர். நிலையான வருவாய் எதனையும் ஏற்பதில்லை என்பது அவர்கள் கொள்கை. சந்தைக்கும் கடைக்கும் சென்று கேட்டுப் பெறுவதைக் கொண்டே சமையல் நடக்கிறது. எச்சமயத்து முதியவராயினும் ஏற்றுக்கொள்கிறார்கள். அன்னை தெரசா 1948ஆம் ஆண்டு டிசம்பரில் கல்கத்தாச் சேரிகளில் தனியே பணி தொடங்கியபோது தங்க இடம் கொடுத்தது இச்சகோதரிகளின் முதியோர் இல்லமே.

இதுகாறும் சொன்னது கன்னியர் செய்தி. வீட்டையும் வேலையையும் விடாமல் வாரம் ஓரிரு மணி நேரம் ஒதுக்கி வருகின்ற எளிய தொண்டர் செய்தி வேறு. டப்ளின் நகரில் பிராங்க் டப் என்னும் அரசாங்க ஊழியர் 1921ஆம் ஆண்டு செப்டம்பர் 7ஆம் நாள் தொடங்கிய மரியாயின் சேனை இவ்வகையது. அவர் முன்பு வின்சென்ட் தே பவுல் சபையில் தொண்டாற்றியவர். சேனையில் முதலில் சேர்ந்தோர் பெரும்பாலும் இளம்பெண்கள். ஏழைகளுக்கான பொது மருத்துவமனையில் கிடந்தோரை இருவர் இருவராகச் சென்று காண்பதே அவர்களின் முதற்பணி. ஆனால் ஒரு விதி: பொருளுதவி செய்யலாகாது! முதலில் இதனைப் படித்தபோது, கையை வீசிக்கொண்டு போவது என்ன தொண்டு என்று நகைத்தேன். தமிழையாவின் கட்டிலருகே நின்றபோதுதான் அவ்விதியின் நியாயம் விளங்கிற்று. பணம் அவரிடம் இருந்தது. முக்காலியில் உட்கார ஆள்தான் இல்லை.

எல்லாரும் இப்படி என்று சொல்லமாட்டேன். பிறந்தநாள் கொண்டாட வந்து, ஆளுக்கொரு ரொட்டி கொடுத்து, கைதட்டச் சொல்லிப் படம் பிடித்துக்கொண்டு பதினைந்து நிமிடத்தில் வண்டியேறும் கூட்டத்தையும் அங்கே கண்டேன். எழுந்து போக முடியாதவர்முன் நின்று நெடிய பிரசங்கம் செய்தவர்களும் உண்டு என்று தமிழையா சொன்னார். ஆசிரியனாக இருந்தவன் கேட்க வேண்டியதைக் கேட்டுவிட வேண்டும் அல்லவா? "தம்பி, இவர்களை உங்கள் மதத்துக்குத் திருப்பவா வருகிறீர்கள்?" என்று அவ்விளைஞரிடமே கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "ஜெபிக்கச் சொல்லிக் கேட்பவர்களோடு ஜெபிக்கிறோம் ஐயா. இவர் கம்பனைக் கேட்டார், எனக்குத்தான் படிக்க வரவில்லை" என்றார். எங்கள் ஊருக்கு அண்மையில் உள்ள ஆவூரில், பதினேழாம் நூற்றாண்டின் இறுதியிலேயே இயேசு சபையார் கோயில் எழுப்பித் தமிழ் கற்றுத் தமிழிற் பேசினார்கள் என்பது அப்போது என் நினைவுக்கு வந்தது. இளைஞர் சீர் பிரிக்கத் திணறியதைப் பார்த்தால், அவர்களே இவரினும் நன்றாகப் படித்திருப்பார்கள் என்று தோன்றிற்று. அதைத் தமிழையாவிடம் சொன்னேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

இப்பொழுது நான் மாதம் இருமுறை செல்கிறேன். சென்ற முறை அவரிடம் விடைபெற்று எழுந்தபோது, அடுத்த கட்டிலிலிருந்து ஒருவர் கையை நீட்டித் தடுத்தார். வேற்றூர் விவசாயி, யாரும் பார்க்க வருவதில்லை என்று கேள்வி. "வாத்தியாரே, எங்கிட்டயும் கொஞ்சம் உக்காந்துட்டுப் போங்க" என்றார். பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். தம் ஊர்க் கண்மாய் உடைத்துக்கொண்ட கதையை அவர் தொடங்கினார். கரையை அடைக்க எத்தனை பேர் இறங்கினார்கள், யார் யார் எங்கே நின்றார்கள் என்று ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக்கொண்டு வந்தார். இரவு உணவுக்கு மணி அடித்தபோது மடைப்பக்கம் நின்றவர்கள் இன்னும் மீதியிருந்தார்கள்.