முதன்மை நடிப்பும் தரவரிசையும்: மயிலிட்டிக் கரையிலிருந்து ஒரு வரலாற்று நோக்கு

தமிழ்த் திரைப்படத்தின் தலைசிறந்த முதன்மை நடிப்புக்கள் எவை என வினவி, அவற்றை ஒன்று, இரண்டு, மூன்று என நிரைப்படுத்தும் வழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. தேநீர்க் கடைகளிலும் பத்திரிகைகளிலும் மட்டுமன்றி, ஆய்வாளர்தம் எழுத்துக்களிலும் இவ்வழக்கம் நுழைந்துள்ளது. இதனை வெறும் பொழுதுபோக்கெனத் தள்ளிவிடுதல் எளிது. ஆயின் அது சரியாகாது. ஒரு சமூகம் எதனைச் சிறந்தது எனக் கொள்கிறது என்பதும், யார் அதனைத் தீர்மானிக்கின்றனர் என்பதும் வரலாற்று வினாக்களேயாம். அவற்றை ஈண்டு எழுப்ப முற்படுகின்றோம்.

முதற்கண், 'முதன்மை நடிப்பு' என்னும் வகைப்பாடே இயற்கையானதன்று என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும். ஹொலிவூட்டின் அக்கடமி விருதுகளில் முதன்மைப் பாத்திரத்துக்கும் துணைப் பாத்திரத்துக்கும் வெவ்வேறு விருது வழங்கும் முறை, 1936 ஆம் ஆண்டுத் திரைப்படங்களுக்கான விருதுகளோடுதான் தோன்றியது. படக் கம்பனிகள் நட்சத்திரத்தை மையமாகக் கொண்டு பண்டத்தை விற்ற காலம் அது. இந்தியத் தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த நடிகருக்கான பரிசு 1967 ஆம் ஆண்டுப் படங்கள் முதற்கொண்டே வழங்கப்படலாயிற்று. 'ரிக்‌ஷாக்காரன்' (1971) படத்துக்காக எம். ஜி. இராமச்சந்திரன் அதனைப் பெற்றார். 'வீரபாண்டிய கட்டபொம்மன்' (1959) படத்துக்காக 1960 இல் கெய்ரோவில் நிகழ்ந்த ஆபிரிக்க – ஆசியத் திரைப்பட விழாவிற் சிறந்த நடிகராகத் தேர்வுபெற்ற சிவாஜி கணேசனுக்கோ தம் நாட்டின் அப்பரிசு கிடைக்கவேயில்லை. எனவே விருதுகளை அளவுகோலாகக் கொண்டு நிரைப்படுத்துவோர் நடிப்பை அளப்பதாக எண்ணிக்கொண்டு நிறுவனங்களையே அளக்கின்றனர் எனலாம்.

அவ்வாறாயின் தரம் என்று ஒன்று இல்லையா? உண்டு என்பதே நமது நிலைப்பாடு. எல்லாம் அவரவர் சுவையே எனக் கூறிக் கைகழுவி விடுவது விமர்சனமாகாது. 'இரத்தக் கண்ணீர்' (1954) படத்தில் எம். ஆர். ராதா தாங்கிய மோகனசுந்தரம் என்னும் பாத்திரத்தைக் கட்டபொம்மனுக்கு மேலான இடத்தில் நாம் வைப்போம். காரணம் வெளிப்படையானது. கட்டபொம்மனிற் குரலே ஆட்சி செய்கின்றது. பாளையக்காரன் ஒருவன் தேசிய வீரனாக உயர்த்தப்படுவதை நாம் செவியால் ஏற்று வியக்கின்றோம். ராதாவோ சீமையிலிருந்து மீண்ட செல்வனொருவனின் நடை, இருமல், எள்ளல், இழிவு ஆகியவற்றினூடாக ஒரு வர்க்கத்தின் வெறுமையைக் காட்டுகின்றார். பார்ப்போன் அவனைக் கண்டு சிரித்து, பின் அச்சிரிப்புக்காகவே கூசுகின்றான். நோயைத் தண்டனையாகக் காட்டும் அப்படத்தின் பிற்போக்கான முடிவை நாம் ஏற்கவில்லை. நடிப்பு அம்முடிவையும் மீறி நிற்கின்றது என்பதே நாம் கூறவிழைவது.

ஆனால் இவ்விரு நடிப்புக்களுக்கும் பொதுவான ஓர் உண்மையைப் பட்டியலாளர் கவனிப்பதில்லை. இரண்டும் கமெராவின் முன்னாற் பிறந்தவையல்ல. திருவாரூர் தங்கராசு எழுதிய 'இரத்தக் கண்ணீர்' படமாவதற்கு முன்னரே ராதாவின் மேடை நாடகமாக ஊரூராக நடந்தது. சக்தி கிருஷ்ணசாமி எழுதிய கட்டபொம்மனையும் சிவாஜி முதலில் மேடையிலேயே நடித்தார். இருவருமே இளமையில் நாடகக் கம்பனிகளில் வளர்ந்தவர்கள். எந்த இடத்தில் அவை அடங்குகின்றது, எந்த இடத்தில் விசிலடிக்கின்றது, எந்தச் சொல் வீணாகின்றது என்பதைப் பல இரவுகள் அவர்களுக்குக் கற்பித்தன. திரையில் நாம் காண்பது அவ்விரவுகளின் வண்டலே. கமெராவின் முன் நடிப்பவன் மக்களின் முன்னன்றிக் கருவியின் முன் துண்டு துண்டாகச் சோதிக்கப்படுகின்றான் என்று வால்டர் பெஞ்சமின் 1930களிற் சுட்டிக்காட்டினார். தமிழிலோ அச்சோதனைக்கு முன்பே மக்கள் தம் சோதனையை நடத்தி முடித்திருந்தனர்.

இதற்கு மறுப்பும் கூறப்படலாம். வித்தோரியோ டி சிகாவின் 'சைக்கிள் திருடர்கள்' (1948) படத்தின் முதன்மைப் பாத்திரத்தைத் தாங்கிய லம்பெர்த்தோ மஜ்ஜொரானி நாடகமறியாத ஓர் ஆலைத் தொழிலாளி. உண்மை. ஆயின் அங்கும் நடிப்பின் மூலதனம் தனிமனித மேதையன்று. வேலையற்ற உழைப்பாளரின் வாழ்வனுபவமே. ஒன்றில் மேடையின் கூட்டு உழைப்பு, மற்றொன்றில் வர்க்கத்தின் கூட்டு அனுபவம். இரண்டையும் தனியொருவர் பெயரில் எழுதி வைப்பதே பட்டியலின் வேலை.

அங்ஙனமாயின், மேடையில் நின்று கமெராவைச் சென்றடையாதவர் யாது ஆவர்? இவ்வினாவோடு மயிலிட்டிக் கரைக்கு வருவோம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வட கரையில், காங்கேசன்துறைக்குக் கிழக்கே அமைந்த மீன்பிடித்துறை மயிலிட்டி. இக்கரையோரக் கிராமங்கள் சென்ற நூற்றாண்டின் பெரும்பகுதியில், தென்னிந்தியக் கம்பனிகள் வழி வந்து ஈழத்தில் நிலைகொண்ட இசைநாடகத்தின் களமாக விளங்கின. கொட்டகைக் கூத்து என்றும் டிறாமா மோடி என்றும் மக்கள் அதனை அழைத்தனர். அக்கலையின் ஈடிணையற்ற நடிகரான நடிகமணி வி. வி. வைரமுத்து (1924–1989) அயலூரான காங்கேசன்துறையைச் சேர்ந்தவர். அவருடைய வசந்தகான சபா மேடையேற்றிய 'மயான காண்டம்' மூவாயிரம் தடவைக்கு மேல் ஆடப்பட்டதென்பர். அதில் அரிச்சந்திரன் அவரே.

இப்பாத்திரத்தின் வரலாறு நம் வினாவுக்கு மிகப் பொருத்தமானது. இந்தியாவின் முதல் முழுநீளக் கதைப்படமெனப் போற்றப்படும், தாதாசாகேப் பால்கேயின் 1913 ஆம் ஆண்டுப் படத்தின் நாயகன் அரிச்சந்திரனே. பெண்கள் நடிக்க மறுத்தமையால் அப்படத்தில் அரசியாக நடித்தவர் உணவுக்கடைச் சமையற்காரரான அண்ணா சாளுங்கே. தமிழ்த் திரையிலும் 1944 இல் பி. யு. சின்னப்பாவும் 1968 இல் சிவாஜி கணேசனும் அரிச்சந்திரனாயினர். ஆக ஒரே பாத்திரம் திரையிலும் மேடையிலும் வாழ்ந்தது. திரை அரிச்சந்திரர்கள் திரைப்பட வரலாற்று நூல்களில் இடம்பெறுகின்றனர். மூவாயிரம் இரவு சுடலை காத்தவரின் பெயரோ ஈழத்துக்கு வெளியே அறிந்தார் சிலரே.

அவ்விரவுகளின் அவையோர் யாவர்? கடற்றொழிலாளர், தோட்டக்காரர், சீமெந்து ஆலைத் தொழிலாளர், அவர்தம் குடும்பத்தினர். பெற்றோமாக்ஸ் வெளிச்சத்திற் பாய் விரித்து விடியும்வரை இருந்தோர். கதை அவர்களுக்குத் தெரியும், பாட்டும் தெரியும். லோகிதாசனின் உடலோடு வரும் சந்திரமதியிடம் கால்பணமும் முழத்துண்டும் கேட்கும் கணத்தில், கணவனையும் காவற்காரனையும் நடிகன் எவ்வாறு ஒருடலில் தாங்குகின்றான் என்பதையே அவர்கள் பார்த்திருந்தனர். சென்ற திருவிழாவில் ஆடியதோடு இத்திருவிழாவில் ஆடியதை ஒப்பிட்டனர். ஒப்பிடும் கல்வி நூலகத்தில் மட்டும் கிடைப்பதன்று. இவ்வகையிற் பார்க்கின், தரவரிசை செய்யும் தகுதி முழுமையாக வாய்த்திருந்த விமர்சகர் குழாம் அதுவே.

எனினும் நாம் இதனை இலட்சியமயப்படுத்த விரும்பவில்லை. அரிச்சந்திரன் கதையில் நிலப்பிரபுத்துவ விழுமியங்கள் ஆழப் பதிந்துள்ளன. மன்னன் சுடலைக் காவலனாதல் துயரமெனக் காட்டப்படுகின்றது. பிறப்பாலேயே சுடலைக்கு விதிக்கப்பட்டோரின் துயரம் காட்டப்படுவதில்லை. இசைநாடகக் கலைஞர் பலர் சாதியால் ஒடுக்கப்பட்ட சமூகங்களிலிருந்து வந்தோர் என்பதையும் கருதினால் இம்முரண் மேலும் கூர்மையாகும். சிவாஜியின் அரிச்சந்திரன் வெளிவந்த அதே 1968 இல், மயிலிட்டிக்கு அண்மையிலுள்ள மாவிட்டபுரம் கந்தசுவாமி கோவில் வாயிலில், தீண்டாமை ஒழிப்பு வெகுசன இயக்கத்தின் அணிதிரட்டலில், ஒடுக்கப்பட்ட மக்கள் ஆலயப் பிரவேசம் கோரி நின்றனர். கதவுகள் அடைக்கப்பட்டன. மேடையில் ஒரு நாழிகை சுடலை காத்த மன்னனுக்காக அழுத சமூகம், வாழ்நாளெல்லாம் ஒதுக்கப்பட்டோரைக் கோவிலுக்கு வெளியே நிறுத்தியது. சிறந்த நடிப்பு இவ்வாறான அழுகையைத் தருவது. அவ்வழுகை தானாகவே விடுதலையாகிவிடுவதில்லை. மாபெரும் நடிப்பின் ஆற்றலும் எல்லையும் இங்கே ஒருங்கே புலப்படுகின்றன.

பல்கலைக்கழகத்தாராகிய நாமும் குற்றத்திலிருந்து நீங்கியவரல்லர். பேராதனையிற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் முன்னெடுத்த நாட்டுக்கூத்து மீட்பு, 'கர்ணன் போர்' (1962) முதலிய ஆக்கங்களால் மரபுக்குப் புத்துயிரளித்தது. அதன் பெறுமதி பெரிது. ஆயின் தூய மரபைத் தேடிய கண்களுக்கு ஆர்மோனியமும் திரைச்சீலையும் கொண்ட கொட்டகைக் கூத்து கலப்படமாகத் தோன்றியது. திரைப்படப் பட்டியல் அதனை நாடகமென ஒதுக்கியது. நாடக ஆய்வு அதனைப் பெரும்பாலும் சந்தைச் சரக்கென ஒதுக்கியது. உழைக்கும் மக்கள் விரும்பியது இரு பட்டியல்களிலும் இடமிழந்தது.

பின்னர் அவையே சிதறியது. 1990 இல் மயிலிட்டி மக்கள் இடம்பெயர்ந்தனர். ஊர் உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. துறைமுகப் பகுதி விடுவிக்கப்பட்டது 2017 இல். இருபத்தேழு ஆண்டுகளில் ஒரு தலைமுறை முகாம்களிலும் அயலூர்களிலும் கடல் கடந்த நாடுகளிலும் முதுமையடைந்தது. வைரமுத்துவின் குரல் ஒலிப்பதிவுகளில் எஞ்சியுள்ளது. அவரது நடையும் நோக்கும் அம்முதியோரின் நினைவில் உள்ளன. அவர் மேடையில் ஆடியதை நேரிற் காணும் வாய்ப்பு நம் தலைமுறைக்கு இல்லை. ஆகையால் அவரை ராதாவுக்கு மேலோ கீழோ வைக்கும் உரிமை நமக்கில்லை. அவ்வுரிமை உடையோர் இன்னும் சிலர் உயிரோடுள்ளனர்.

எனவே நாம் முன்வைப்பது புதியதொரு பட்டியலையன்று. மீளக் குடியேறியோரிடமும் திரும்ப முடியாதோரிடமும் சென்று, எந்த இரவில், எந்த மேடையில், எந்த அசைவு அவர்களை உலுக்கியதெனக் கேட்டுப் பதிவு செய்தல் ஆய்வு மாணவரின் உடனடிக் கடமையாகும். கமெரா வைத்திருந்தோரின் நினைவே கலை வரலாறாகிவிட்ட நிலையை மாற்ற வேறு வழியில்லை. காலம் நமக்காகக் காத்திராது. மயிலிட்டித் துறைக்குப் படகுகள் திரும்பிவிட்டன; அக்கரையின் விமர்சகர்களும் நம் வரலாற்றினுள் திரும்புதல் வேண்டும்.